எச்சில் தொட்டு அழித்தது

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தேனாம்பேட்டையில் வாட்ச்மேனாக இருக்கிற ஆபீஸின் கேட் நோட்டில் வண்டி நம்பரும் நேரமும்தான். ஒரு காலத்தில் எனக்கு எழுத்துப் பிழையே வராது. இப்போது வருகிறது. எந்த ல, எந்த ர என்று பேனா நின்று யோசிக்கிறது. உங்கள் கண்ணில் ஏதாவது தட்டுப்பட்டால் தாண்டிப் படியுங்கள்.

ஆற்றங்கரையில் என்னோடு வளர்ந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் வாட்ஸப் குழுவில் நான் இதுவரை ஒரு வார்த்தை போட்டதில்லை. கும்பிடுகிற கை மட்டும் போடுவேன். போன மாதம் பூக்கார அக்காவின் மகள் ஒரு செய்தி போட்டாள். அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். நாலு வரி. அதில் ஐந்தாறு பிழை. நம்மில் ஒருவர், நல்ல மனிதர்தான், பிழையைக் கண்டால் மட்டும் அவருக்குத் தாங்காது, எல்லாவற்றையும் திருத்திக் கீழே போட்டார். ‘தமிழைக் கொல்லாதே தங்கச்சி’ என்றும் ஒரு வரி சேர்த்தார். பத்துப் பதினைந்து பேர் சிரிக்கிற முகம் போட்டீர்கள். கண் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

நான் சிரிக்கவில்லை. அதனால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டை இதற்கு முன்பும் ஒரு திருத்தம் வெளியே தள்ளியிருக்கிறது. அதைச் செய்தவன் நான். இவ்வளவு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

நம் கரும்பலகை உங்களுக்கு நினைவிருக்கும். அடையாறு மேல் ரோட்டிலிருந்து நம் குடிசைகளுக்கு இறங்கும் சரிவில், டீக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, இரண்டு சவுக்குக் கட்டையில் நின்றது. உண்மையில் அது பலகையே இல்லை. மேற்கு மாம்பலத்தில் இடித்த ஒரு வீட்டின் கதவு. தாழ்ப்பாள் இருந்த ஓட்டை கடைசிவரை அப்படியே இருந்தது. அதைத் தன் மீன்பாடி வண்டியில் போட்டு மிதித்துக்கொண்டு வந்தவர் எங்கள் நைனா. மாதத்துக்கு ஒரு தடவை அடுப்புக்கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்து அதன்மேல் பூசுவார். பூசிய அன்று பக்கத்தில் போனால் பச்சை இலை வாசனை அடிக்கும். சாக்பீஸ் துண்டுகளை ஒரு பால்பவுடர் டப்பாவில் வைத்திருப்பார். துடைக்கிற துணி அம்மாவின் பழைய புடவையில் கிழித்தது, ஊதாப் பூப் போட்டது.

நைனா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கும் துணி மூட்டைகளை தி.நகர் கடைகளுக்கு ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. மூட்டைமேல் ஒட்டிய சீட்டையும் கடைப் பெயர்ப்பலகைகளையும் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்டார். அதனால் அவர் எழுத்து பெயர்ப்பலகை எழுத்து மாதிரியே இருக்கும். பருத்து, நிமிர்ந்து, வலது பக்கம் நிழல் வைத்து. அழகில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ணகரமும் னகரமும் அவருக்கு ஒன்றுதான். லகரத்தில் எது கைக்கு வருகிறதோ அது. ‘தன்னி லாறி காளை ஆரு மனிக்கு வறும்’ என்று எழுதுவார். லாரி ஆறு மணிக்குச் சரியாக வந்துவிடும்.

தண்ணீர் லாரி, மண்ணெண்ணெய் ஊற்றும் நாள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, யார் வீட்டில் சாவு, யாருடைய ஆட்டுக்குட்டியைக் காணோம், எல்லாம் அதில்தான் வரும். நம் கரை மன்றத்துத் தலைவர் வந்து சொல்வார். நைனா வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு எழுதுவார். தேதியைக் கடைசியில்தான் போடுவார். மற்ற இடங்களில் மேலே போடுகிறார்களே என்று ஒரு தடவை கேட்டேன்.

“மொதல்ல போட்டா அது வெறும் தேதிடா. எல்லாத்தையும் எயுதி, ஒருக்கா படிச்சிப் பாத்துட்டு, அப்பால போடணும். தேதி போட்டாச்சின்னா நாம சொன்னதுன்னு அர்த்தம். அதுக்கு நாமதான் பொறுப்பு” என்றார்.

கரையில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. காலையில் குழாயடியில் நிற்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாம் படித்துச் சொல்ல வேண்டும். பூக்கார அக்கா எங்களுக்கு அடுத்த குடிசை. விடியும் முன்பே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, மயிலாப்பூர் மாட வீதிக்குப் பூ விற்கக் கிளம்பிவிடுவார். கூடையில் ஈர வாழை இலைக்கு அடியில் மல்லிகை மணக்கும். அந்நேரத்தில் குழாயில் குடம் வைத்திருக்கிற ஒரே பையன் நான். பலகைமுன் நின்று, “இன்னாடா போட்டுக்கீறாரு உங்க நைனா?” என்று கேட்பார். நான் படிப்பேன். அவர் ஒரு தடவை அதைத் தானும் சொல்லிப் பார்த்துக்கொள்வார். “எம் பேப்பரு நீதான்டா” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். அந்த விரல்களில் எப்போதும் நார் வாசனை.

நான் யாரிடமும் வாய் திறக்காத பையன். அது உங்களுக்கே தெரியும். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் டிக்டேஷன் போட்டபோது எனக்கு மட்டும் ஒரு பிழையும் இல்லை. என் சிலேட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அதுவரை என்னை அப்படி யாரும் எதற்காகவும் காட்டியதில்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் பிழைதான் கண்ணில் படும். டீக்கடை விலைப்பட்டியலில், பஸ்ஸில், சுவரில். நைனாவின் பலகையில்தான் அதிகம்.

ஒரு நாள் மேல் ரோட்டு மாடி வீடுகளிலிருந்து வந்து என் வகுப்பில் படித்த மூன்று பையன்கள் பலகைமுன் நின்று படித்தார்கள். எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே, வல்லின றகரத்தை நன்றாக அழுத்தி, ‘லாற்றி, லாற்றி’ என்று. டீக்கடையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் மாடி வீட்டு சார் வந்தார். ரிட்டயர் ஆனவர், தினமும் காலையில் குடையை ஊன்றிக்கொண்டு நடக்கப் போவார். பலகையைப் பார்த்ததும் பல் வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். “ஈஸ்வரா, இதைப் பார்த்துண்டு தினம் நடக்க வேண்டியிருக்கே” என்று சொல்லிக்கொண்டே போனார். பையன்களில் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, இது உன் அப்பா எழுதியதுதானே என்று கேட்டான்.

நான் இல்லை என்றேன்.

மறுநாள் விடியற்காலை குடத்தைக் குழாயில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வந்திருந்த சாக்பீஸோடு பலகைக்குப் போனேன். கட்டைவிரலை நாக்கில் தொட்டு முதல் எழுத்தை அழித்தேன். மறுபடி விரலை நாக்கில் வைத்தபோது கரியும் சுண்ணாம்பும் கசந்தன. அந்தக் கசப்பு இப்போதும் வரும். ஒவ்வொரு எழுத்தாக மாற்றினேன். என் எழுத்து கோணலாக, நைனாவின் பருத்த எழுத்துகளுக்கு நடுவில் நோஞ்சானாக நின்றது. ஆனால் சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நைனா அன்று வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் புதிதாக எழுதியபோது நான் திருத்திய அந்த வார்த்தைகளைத் திருத்தியபடியே எழுதினார். மாற்றி வைத்த எழுத்தைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டிருக்கிறார். மற்ற வார்த்தைகளில் மறுபடியும் தவறியது. மறுநாள் விடியற்காலை அவற்றையும் எச்சில் தொட்டு அழித்தேன். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு வாரம் செய்தேன்.

டீக்கடையில் கேலி ஆரம்பித்தது. “இன்னிக்கு எத்தினி மார்க்கு அண்ணாத்தே? பாஸா, பெயிலா?” என்று கேட்பார்கள். நைனாவும் முதல் இரண்டு நாள் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. யார் செய்கிறார்கள் என்று பேச்சு வந்தது. நம் கரையில் இதெல்லாம் தெரிந்தவர் யார்? தினமும் முகம் சுளித்துக்கொண்டு போகிறவர் யார்? மாடி வீட்டு சார்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் நைனாவைக் கூட்டிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன்.

நைனா சத்தம் போடவில்லை. “தப்பு கீதுன்னா என்னைக் கூப்ட்டு சொல்லு சார், கேட்டுக்கிறேன். ஊரே பாக்குற எடத்துல எச்சி தொட்டு அழிச்சிட்டுப் போறியே, நான் இன்னா சார் பண்ணேன் உனுக்கு?” என்றார்.

சார் குடையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “பார்த்தா எரிச்சல் வரும், அது வாஸ்தவம். மனசுக்குள்ளேயே திருத்திண்டு போயிடுவேன். கை வச்சதில்லைப்பா, சத்தியமா” என்றார்.

ஒருவரும் நம்பவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வேறொருவர் வாசல் பூந்தொட்டியைக் காலால் தள்ளினார். சாரின் மனைவி உள்ளேயிருந்து ஜன்னலைச் சாத்தினார். என் டவுசர் பையில் சாக்பீஸ் இருந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே நின்றேன். மறுநாளிலிருந்து சார் நம் ரோட்டில் நடக்க வரவில்லை. நைனாவும் எழுதவில்லை. துணியைத் துவைத்து மடித்து டப்பாவுக்குள் வைத்து, கூரைக்கழியில் செருகிவிட்டார். தலைவர் வந்து இரண்டு தடவை கேட்டார். வாயால் சொல்லிவிடுகிறேன் என்று நைனா அனுப்பிவிட்டார்.

அது பங்குனி மாதம். மயிலாப்பூரில் திருவிழா. பூக்கார அக்கா இருட்டோடு போய் இருட்டோடு வருவார். ஒரு நாள் சாயங்காலம் தலைவர் ஓடி வந்து, கரையைக் காலி செய்யப் போகிறார்கள், நாளைக் காலை சர்க்கார் ஆபீஸிலிருந்து கணக்கெடுக்க வருகிறார்கள், ஆள் இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் கதவில் நம்பர் போடுவார்கள், நம்பர் இருந்தால்தான் புதுக் குடியிருப்பில் வீடு என்று சொன்னார். நைனா ஒவ்வொரு குடிசையாகப் போய்ச் சொன்னார். அக்காவின் கதவு பூட்டியிருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்து படுத்தார். அன்று முழுவதும் வண்டி மிதித்த அலுப்பு. விடியும்போது அவர் எழுந்திருக்கவில்லை.

நான் எழுந்திருந்தேன். குழாயடியில் இருந்தேன். அக்கா கூடையும் மகளுமாக வந்து பலகைமுன் நின்றார். அன்று அறுபத்து மூவர், கூடை நிறைய பூ.

“இன்னாடா, இன்னிக்காவது எதுனா போட்டுக்கீதா?”

“ஒண்ணும் போடலைக்கா.”

அவ்வளவுதான் சொன்னேன். கேட்டதற்கு ஒரு பிழை இல்லாத பதில். பலகையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

நைனா முந்தின நாளே சொல்லியிருப்பார் என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. கதவு பூட்டியிருந்தது என்று நைனா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் வாய் திறந்தால், இவ்வளவு பெரிய விஷயத்தைப் பலகையில் ஏன் எழுதவில்லை என்று அக்கா கேட்பார். கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று பயம். அக்கா கன்னத்தைத் தட்டிவிட்டு சரிவில் ஏறினார். மகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கூப்பிடுகிற தூரத்தில்தான் போனார்கள். குடம் நிரம்பி வழிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையில் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும். எங்கள் கதவில் நம்பர் விழுந்தது. அக்காவின் பூட்டைப் பார்த்துவிட்டுத் தாண்டினார்கள். அக்கா விஷயம் தெரியாமலே பூ விற்கப் போய்விட்டார் என்று நைனாவுக்கு அப்போதுதான் தெரிந்து ஓடி வந்தார். இங்கே ஆள் இருக்கிறது, பூ விற்கப் போயிருக்கிறது என்று கெஞ்சினார். வந்த அதிகாரி கடுமையானவர் இல்லை. சைக்கிள் கேரியரில் நோட்டை வைத்துக்கொண்டு பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார். இந்த வீட்டில் இன்னார் குடியிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் நைனாவைத்தான் பார்த்தார்கள்.

நைனா கையை நீட்டினார். பேனாவைத் தொடும் முன் இழுத்துக்கொண்டார்.

“எனுக்கு எயுத வராது சார்” என்றார்.

பதினைந்து நாள் முன்னால் என்றால் வாங்கி எழுதியிருப்பார். பருத்த எழுத்தில், நிழல் வைத்து, பிழையோடு, தேதியும் போட்டு. அந்த அதிகாரிக்கு அது போதும். வேறு படித்தவர் யாராவது உண்டா என்று அவர் கேட்டார். எல்லோர் தலையும் மேலே மாடி வீட்டுப் பக்கம் திரும்பியது. போய்க் கூப்பிட ஒருவருக்கும் முகமில்லை. கைநாட்டு வைத்தால் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். கைநாட்டு வைக்கவும் மேலே நாலு வரி வேண்டுமே என்றார் அதிகாரி.

அந்த நாலு வரி எனக்குத் தெரியும். ஒரு பிழை இல்லாமல் தெரியும். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். என் எழுத்தைப் பார்த்தால் நைனா கண்டுபிடித்துவிடுவார் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போனார்.

மறுநாள் அக்கா வீட்டில் இருந்தார். வரிசையாக எல்லாக் கதவுகளிலும் வெள்ளையாக நம்பர் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்தார். “இது இன்னாடா எயுதிக்கீது? எங்க கதவுல மட்டும் ஏன்டா ஒண்ணும் இல்ல?” என்று கேட்டார். நான் படித்துச் சொல்லவில்லை. ஓடிப் போய் ஆற்றோரம் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். தலைவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. லாரி வந்து நம் சாமான்களை ஏற்றிய நாளில் அக்காவும் மகளும் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மந்தைவெளியில் அவர் தங்கை வீட்டு வராந்தா, அப்புறம் அந்தப் பக்கத்திலேயே ஒவ்வொரு வாடகை வீடாக. நம்மில் பலருக்குச் சொந்தமாக ஒரு வாசல் இருக்கிறது, ஊருக்கு வெளியே என்றாலும். அவர்களுக்கு இன்றுவரை இல்லை. நாம் போன இடத்தில் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாமல் என் படிப்பு நின்றது. அதை நான் ஒரு நஷ்டமாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நைனாவைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும் என்றார்கள். உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். நைனாவும், “ஆமா, எம் மேலதான் தப்பு” என்பார். கடைசிவரை ஒரு எழுத்து எழுதவில்லை. பிறகு போன வேலையில் சம்பளச் சீட்டில்கூட, அழகாகக் கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர், கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் என் விரலை மடக்கிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அந்தப் பால்பவுடர் டப்பா எங்கே போனது என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். லாரியில் ஏற்றினோமா, கூரையிலேயே விட்டுவிட்டோமா என்று அவருக்கு நினைவில்லை.

மாடி வீட்டு சாரிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி அபார்ட்மெண்ட். அவருக்கு எரிச்சல் வந்தது, ஆனால் கை வைக்கவில்லை. பத்து வயதில் எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது. இப்போது அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது.

குழுவில் திருத்துகிற நண்பரே, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் தமிழ் நல்ல தமிழ். அந்தச் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் இதை மந்தைவெளிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். நேற்று அக்காவின் மகளுக்கு போன் பண்ணினேன். கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். நன்றாகத் தெரிகிறதாம், பஸ் நம்பர்கூடத் தெரிகிறதாம், என்ன நம்பர் என்றுதான் தெரியாதாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “யாரு, எம் பேப்பரா? வரச் சொல்லு.”

போய் உட்கார்ந்ததும் கையிலிருக்கும் தாளைப் பார்ப்பார். இன்னாடா போட்டுக்கீது என்று கேட்பார். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். ஒரு வார்த்தை விடாமல்.

எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.